கரி விழுந்தால் கல்யாணம் இல்லை

நமக்கெல்லாம் முப்பது ஆகிவிட்டது. இந்த வயதில் பழங்கதை எழுத உட்காருவது கொஞ்சம் அவசரம்தான். ஆனால் உங்களுக்கு என்னைத் தெரியும். இன்னொரு முப்பது வருடம் பொறுத்திருக்க என்னால் ஆகாது. பள்ளிக்கூடத்தில் என்னைப் ‘பேய் வீட்டுப் பிள்ளை’ என்று கூப்பிட்டீர்களே, அந்த வீட்டைப் பற்றி ஒருமுறையாவது ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும். அங்கே பேய் இருக்கவில்லை. அதைவிடத் தொந்தரவான ஒன்று இருந்தது. ஓர் ஓட்டை.

ஆட்டையாம்பட்டி பேருந்தில் வந்தவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். சோளக்காட்டுக்கு நடுவில் செங்கல் தெரிய நிற்கும் மாடி வீடு. கூரை மட்டும் செங்குத்தாக, ஏணியைச் சாய்த்து வைத்த மாதிரி இறங்கும். ஜன்னல்கள் சின்னச் சின்னதாக இருக்கும். வாசற்படி நிலை அவ்வளவு தாழ்வு; வந்த விருந்தாளிகள் எல்லாரும் ஒருமுறையாவது தலையை இடித்துக்கொள்வார்கள். ஊரில் அதற்குத் ‘துரை ஊடு’ என்று பெயர். துரை தன் நாட்டில் தன் அப்பாவின் பண்ணை வீடு எப்படி இருந்ததோ அப்படியே தாளில் வரைந்து நம் ஊர்க் கொத்தனாரிடம் கொடுத்திருக்கிறார். கொத்தனாரும் ஒரு கேள்வி கேட்காமல் கட்டிக் கொடுத்துவிட்டார். சேலத்து வெயிலில் பனி வழுக்கி விழ ஒரு கூரை. சூடு வெளியே போய்விடாமல் இருக்கக் குட்டி ஜன்னல். மே மாதத்தில் அந்த வீட்டுக்குள் உட்கார்ந்தால் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

துரை யார், எதற்கு வந்தார் என்பதற்கு எங்கள் ஊரில் ஆளுக்கொரு வரலாறு. அவுரி போட வந்தவர் என்பார் ஒருவர். ஏற்காட்டில் காப்பி போட்டு நொடித்துக் கீழே இறங்கியவர் என்பார் இன்னொருவர். துரைசாணி வேர்த்து வேர்த்தே செத்துப் போனாள் என்பார்கள். இல்லை, கப்பலேறிப் போய்விட்டாள், செத்தது குதிரைதான் என்பார்கள். அந்தக் குதிரையைப் புதைத்த இடம் என்று காட்டுக்குள் ஒரு கல் இருந்தது. உச்சி வெயிலில் அந்தக் கல்லோரம் குளம்புச் சத்தம் கேட்கும் என்று சொல்லித்தான் மத்தியானத்தில் எங்களைக் காட்டுப் பக்கம் போகவிடாமல் வைத்திருந்தார்கள். கல்லூரியில் படிக்கும்போது ஓர் ஆவணக் காப்பகத்தில் இரண்டு நாள் தூசி தின்று பார்த்தேன். துரையின் பெயர்கூட அகப்படவில்லை.

துரை போனபின் வெகுநாள் சும்மா கிடந்த வீட்டை எங்கள் பாட்டனார் ஒருவர் வாங்கினாராம். தெற்குப் பார்த்த வாசல் என்று வேறு யாரும் கிட்டே வரவில்லை. அவர் சாமர்த்தியக்காரர். கிழக்கே இருந்த சமையல்கட்டு வாசலைத் தலைவாசலாக்கினார். துரையின் தலைவாசலுக்கு எதிரே மாட்டுக் கொட்டகை போட்டுவிட்டார். ஆக, துரை தொப்பியைக் கழற்றிக்கொண்டு நுழைந்த வழியாக எங்கள் வீட்டில் சாணிக்கூடை வந்து போகும்.

ஓட்டை என்றேனே. எங்கள் ஊர்ப்பக்கம் வீட்டின் முன்கூடத்தை ஆசாரம் என்போம். அந்த ஆசாரத்தின் சுவரில், ஓர் ஆள் குனிந்து உள்ளே நிற்கிற அளவுக்கு ஒரு பெரிய மாடம் இருந்தது. அடியில் கருங்கல் பாவியிருக்கும். உள்ளே தலையை விட்டு அண்ணாந்து பார்த்தால் மேலே, வெகு உயரத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் துண்டு வானம். அதுதான் துரையின் சாமி மாடம் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். துரை தினமும் அதன் முன்னால் நாற்காலி போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார் என்று அவருடைய குதிரைக்காரன் சொன்னதாகப் பேச்சு. அவர்கள் சாமி மேலே இருக்கிறவர், அதனால்தான் மேலே வழி விட்டுக் கட்டியிருக்கிறார்கள். சாமி என்றால் எல்லாம் சாமிதானே? எங்கள் பாட்டனார் குலதெய்வத்துக் கல்லையும் முருகன் படத்தையும் அதற்குள்ளேயே வைத்து விளக்கேற்றிவிட்டார். கோடை மழையில் ஓட்டை வழியாக நாலு சொட்டு சாமி தலையில் விழுந்தால் அபிஷேகம். அதனால் ஓட்டையை அடைக்கவே கூடாது. அண்ணாந்து பார்க்கவும் கூடாது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. உத்தரவு கேட்கிற பழக்கம் வந்து சேர்ந்தது. பெண் கொடுப்பது, எடுப்பது எதுவானாலும் சாமிக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்து, விளக்கில் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றிக் கேட்பார்கள். எண்ணெய் தீர்வதற்குள் மேலேயிருந்து வெள்ளையாக ஏதாவது விழுந்தால் சரி என்று அர்த்தம். கருப்பாக விழுந்தால், கரியோ சுள்ளியோ, பேச்சு அதோடு முடிந்தது. ஒன்றும் விழாவிட்டால் இன்னொரு நாள் கேட்க வேண்டும். சிரிக்காதீர்கள், பறவை எச்சம் விழுந்து கூடிய கல்யாணம் எங்கள் குடும்பத்தில் இரண்டு உண்டு. இரண்டு ஜோடியும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, அந்தப் பக்கத்து ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அவளுக்கு மூன்று முறை கரி விழுந்திருந்தது. முதல் இரண்டுக்கும் அவள் கவலைப்படவில்லை. மூன்றாவதற்கு ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ‘கரி விழுந்த பொண்ணு’ என்று ஒறம்பரையில், அதாவது எங்கள் சொந்தத்தில், பேச்சு ஆரம்பித்திருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. முழுப் பரீட்சை முடிந்து, என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தேன். அந்தச் சித்திரையில் நாலாவது மாப்பிள்ளை வந்தார். மேட்டூர் அனல்மின் நிலையத்தில் வேலை. உள்ளே நுழைந்ததும் வழக்கம்போல நிலையில் தலையை இடித்துக்கொண்டார். ஆனால் அவர் செய்த இன்னொரு காரியம் வழக்கத்தில் இல்லாதது. மேட்டூரில் எந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை காலியாக இருக்கிறது என்று விசாரித்து எழுதி எடுத்து வந்திருந்தார். அந்தத் துண்டுச் சீட்டை அத்தை தன் புடவைகளுக்கு நடுவே வைத்திருந்ததை நான் பார்த்தேன்.

அப்பாவுக்கும் அவரைப் பிடித்துவிட்டது. அவசரத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெண்ணுக்குப் பூ வைத்து உறுதி செய்ய வரச் சொல்லிவிட்டார். உத்தரவு கேட்க வேண்டியவர் அப்பாவின் பெரியப்பா. நான் அப்பாரு என்பேன். அவர் ராசிபுரம் பக்கம் இருந்தார். ஞாயிறு காலையில்தான் வர முடியும் என்று சொல்லியனுப்பினார். சனிக்கிழமை அத்தை என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனாள்.

“அம்மிணி, அந்த ஓட்டுமேல ஏற முடியுமா உன்னால?”

“நேத்தே ஏறீட்டேன் அத்தை.”

“அட கெரகமே! ஆரும் பாக்கலியே?”

ஓடு மாற்ற வந்தவர்கள் ஏணியைக் கழற்றாமல் போயிருந்தார்கள். நான் ஏறியதற்குக் காரணம் இருந்தது. எங்கள் இங்கிலீஷ் பாடப் புத்தகத்தில் ஒரு வீட்டுப் படம். கூரையில் செங்கல் கூண்டு, அதிலிருந்து சுருள் சுருளாகப் புகை. எங்கள் வீட்டிலும் அதே கூண்டு. கிட்டே போய்ப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. உள்ளேயிருந்து குருவிகள் அம்பு மாதிரி பாய்ந்து வெளியேறின. யாரோ புத்தகத்தைப் படபடவென்று புரட்டுகிற மாதிரி அடியில் ஒரு சத்தம். பழங்கரி வாசனையும் விபூதி வாசனையும் கலந்து மூக்கில் ஏறியது. “அம்மா, அது சாமி மாடமில்ல, அடுப்பு” என்று இறங்கி வந்து சொன்னதற்கு, அம்மா என் வாயில் ஒரு தட்டுத் தட்டினாள்.

அத்தையிடமும் அதையே சொன்னேன். அவள் தட்டவில்லை. “அடுப்பா?” என்று கூரையை அண்ணாந்து பார்த்தாள். பிறகு, “என்னவோ இருந்துட்டுப் போவுது. நாளைக்கு அப்பாரு கேக்கறப்ப வெள்ளை அரளிப்பூ ஒண்ணைப் போட்டுடு. ஒண்ணே ஒண்ணு. அப்பறம் வாயத் தொறக்கப்படாது” என்றாள்.

“சாமி கோவிச்சுக்காதா?”

“மூணு தடவ நான் கோவிச்சுக்கிட்டனா சாமி மேல? ஒரு தடவ அது பொறுத்துக்கட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணிக்கு நான் கூரைமேல் இருந்தேன். ஓடு பாதத்தைச் சுட்டது. ஒன்று போதாவிட்டால் என்று நாலு பூ பறித்துப் பாவாடையில் கட்டியிருந்தேன். கூண்டுக்குள்ளிருந்து அப்பாருவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஏறி வந்தது.

“சாமி, புள்ளைய மேட்டூருக்குக் குடுக்கலாமுங்களா? வெள்ளை குடுத்தீங்கன்னா குடுக்கறோம். கருப்புக் குடுத்தீங்கன்னா நிறுத்திக்கறோம்.”

பூவைப் போட்டேன். கீழே ஒரு சத்தமும் இல்லை. இன்னொன்று போட்டேன். மூன்றாவது. “ஒண்ணும் வரலியே” என்று அப்பாவின் குரல். “எண்ணெய் இருக்குதில்ல, பொறு” என்று அப்பாரு. முதல் முறை ஏறியபோது நான் கவனிக்காத ஒன்று அப்போதுதான் தெரிந்தது. கூண்டு நேராக இறங்கவில்லை; நடுவில் லேசாக ஒரு வளைவு, அதில் குருவிக்கூடுகள். பூவெல்லாம் அங்கே உட்கார்ந்துவிட்டது. எண்ணெய் தீர்ந்துகொண்டிருக்கிறது. ஓடு மாற்றியவர்கள் போட்டுவிட்டுப் போன நீள மூங்கில் சிம்பு பக்கத்தில் கிடந்தது. எடுத்து உள்ளே விட்டு ஒரு குத்துக் குத்தினேன்.

ஏதோ நெகிழ்ந்து கொடுத்தது. மூட்டை சரிகிற மாதிரி ஒரு சத்தம் போய்க்கொண்டே இருந்தது. அடியிலிருந்து கரும்புகை போலத் தூசி எழும்பி என் முகத்தில் அடித்தது. அதற்குப் பிறகு அம்மாவின் “அய்யோ!”

நான் இறங்கி ஆசாரத்துக்குள் வந்தபோது வெள்ளைத் துணி தெரியவேயில்லை. குலதெய்வத்துக் கல் கருப்பு, முருகன் கருப்பு, விளக்கு அணைந்து கிடந்தது. இறகும் வைக்கோலுமாகக் குருவிக்கூடுகள் நாலைந்து உடைந்து குவிந்திருந்தன. எவ்வளவு கரி! துரை காலத்திலிருந்து சேர்ந்த கரி. அதன் உச்சியில் மூன்று வெள்ளை அரளிப்பூ.

அப்பா முதலில் பூவைப் பிடித்துக்கொண்டார். “பெரீப்பா, வெள்ளையும் உழுந்திருக்குதுங்க பாருங்க!”

அப்பாரு ஒரு பூவை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “வானத்துல அரளிச்செடி எங்கடா இருக்குது?” என்றார். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். “அம்மிணி, மூஞ்சியில என்னது?”

எல்லாரும் திரும்பினார்கள். நான் முகத்தைத் துடைத்தேன், கையும் கருப்பானது.

“குருவி பாக்க ஏறுனேனுங்க.”

“பூவு?”

எனக்குப் பொய் தீர்ந்துவிட்டது. அத்தை நிற்கும் பக்கம் பார்க்கக் கூடாது என்று ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“நாந்தானுங்க பெரீப்பா” என்றாள் அத்தை. “புள்ளைய ஒண்ணுஞ் சொல்லாதீங்க. பூப் போடச் சொல்லி நாந்தான் ஏத்தி உட்டேன்.”

அப்பா கையை ஓங்கிவிட்டார். அப்பாரு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தையிடம் கோபமே இல்லாத குரலில் கேட்டார்.

“நீ பூவத்தான போடச் சொன்ன? கரியப் போடச் சொன்னது ஆரு?”

இன்றைக்கு நினைத்தாலும் அது நல்ல கேள்விதான்.

“என்ற புள்ளைக்கும் இதே மாதிரி கரிதான் உழுந்துச்சு” என்றார் அப்பாரு. “நாந்தான் அதெல்லாம் ஒண்ணுமில்லன்னு குடுத்தேன். வருசம் திரும்பறதுக்குள்ள பொணமாக் கொண்டாந்து போட்டாங்க. மாப்பிள்ளை ஊட்டுக்குப் போன் பண்ணி நிறுத்துடா.”

அப்போது எனக்கு அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. பிடிவாதக் கிழவர் என்று நினைத்தேன். இப்போது வேறு மாதிரித் தெரிகிறது. அவருக்கு அந்தக் கரி மெய்யாக இருந்தாக வேண்டும். அது பொய் என்றால், மகளைக் காப்பாற்ற ஒரு வழி இருந்தது என்பதும் பொய்யாகிவிடும். அதைவிடத் தன் தப்பு என்று வைத்துக்கொள்வது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டது இன்னொன்றும் உண்டு. அந்தக் குருவிக்கு உழவாரன் என்று பெயர். அவை கூடு கட்டி, சிறகால் கரியை உதிர்த்துக்கொண்டு மும்முரமாகப் போய் வருகிற மாதங்களும் எங்கள் ஊரில் பெண் பேசுகிற மாதங்களும் ஒன்று. அவ்வளவுதான் விஷயம். எத்தனை பேச்சு அந்தச் சிறகுகளில் முறிந்ததோ!

அப்பா போனை எடுக்க நகர்ந்தார். அத்தை மாடத்துக்கு முன்னால் போய் மண்டி போட்டாள். குலதெய்வத்துக் கல்லை இரண்டு கையாலும் தூக்கினாள்.

“என்னடி பண்ற?” என்று அப்பா கத்தினார்.

“சாமிய வெளிய வெக்கறேன். இது சாமி மாடமில்லீங்கண்ணா. குளிர் காயற அடுப்பு. உங்க புள்ள சொன்னா. பொய்யா நெசமான்னு இப்பப் பாத்துடலாம்.”

என் பாடப் புத்தகத்துப் படம் ஒன்றை நம்பி இவள் இறங்குகிறாளே! யாராவது தடுப்பார்கள் என்று பார்த்தேன். என் வாயில் தட்டிய அம்மா வந்து முந்தானையை விரித்தாள். “கொண்டா, இங்க குடு” என்று சாமிகளை ஒவ்வொன்றாக வாங்கி, துடைத்து, அரிசிப் பெட்டிமேல் வைத்தாள். அம்மாவை நான் அதுவரை சரியாகப் பார்த்ததே இல்லை என்று தோன்றியது.

அத்தை பன்னாடையும் தேங்காய் மட்டையும் அள்ளி வந்து குவித்துத் தீ வைத்தாள். முதலில் புகை முழுக்க வீட்டுக்குள் திரும்பியது. இருமினோம், கண் எரிந்தது, அப்பா வாய்க்கு வந்தபடி திட்டினார். என் படம் பொய், நான்தான் அத்தையைக் கெடுத்தேன் என்று அழ ஆரம்பித்தேன். திடீரென்று மேலே எதுவோ இழுத்தது. புகை தலையைத் திருப்பிக்கொண்டு ஓட்டைக்குள் ஏறியது. தீ உறுமியது. ஆசாரம் தெளிந்துவிட்டது. மிச்சமிருந்த கூடுகளை நினைத்து இன்றும் எனக்கு உறுத்துகிறது, அன்று நினைக்கவில்லை.

அப்பாரு நாற்காலியில் உட்கார்ந்து தீயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “இதுக்கு முன்னாலயா துரை கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருந்தாரு?”

“தூங்கியிருப்பாருங்க” என்றாள் அம்மா.

அதற்குள் வெளியே கூச்சல். துரை வீட்டுக் கூரையில் புகை வந்து யாரும் பார்த்ததில்லை. “துரை ஊடு தீப்புடிச்சுக்கிச்சு!” என்று களத்து மேட்டிலிருந்து ஆட்கள் குடத்தோடு ஓடி வந்தார்கள். முதலில் வந்தவர் பக்கத்துக் காட்டுக்காரர். எதையும் கேட்கவில்லை. நிலையில் நங்கென்று இடித்துக்கொண்டு, ஒரு குடம் தண்ணீரை அப்படியே அடுப்புக்குள் வீசினார். உஸ்ஸென்று ஆவி எழும்பிக் கரியும் தண்ணீருமாக எல்லார் மேலும் தெறித்தது.

“என்னுங்க மாமா இது!” என்று அப்பா கத்த, “அட, காப்பாத்த வந்தவன வையறியேப்பா!” என்று அவர் திருப்பிக் கத்த, வாசலில் மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றது.

மாப்பிள்ளையின் அம்மா முதலில் இறங்கி வந்தார். கையில் தட்டம், அதில் மல்லிகைச் சரம். குள்ளமான மனுஷி, அந்த நிலையில் தலை இடிக்காமல் நுழைந்த முதல் விருந்தாளி அவர்தான். கருப்புச் சேற்றில் நின்ற எங்களை ஒருவர் விடாமல் பார்த்தார்.

“ஏனுங்க, என்ன ஆச்சு?”

“எலி செத்துக் கெடந்துச்சுங்க” என்றார் அப்பா. “கொசுவுக்குப் புகை போட்டோமுங்க” என்றாள் அம்மா அதே நேரத்தில். “நான் வரலீன்னா ஊடே போயிருக்குமுங்க” என்றார் காட்டுக்காரர்.

அத்தை எல்லாவற்றையும் சொன்னாள். கரி, பூ, என்னை ஏற்றிவிட்டது, தீ வைத்தது, இதற்கு முன் மூன்று முறை விழுந்த கரி எல்லாவற்றையும். ஒன்றைக்கூட விடவில்லை. அவ்வளவையும் கேட்டுவிட்டு அந்த அம்மா அப்பாருவிடம் திரும்பினார்.

“பெரியவங்க நீங்க சொல்லுங்க. உத்தரவு இல்லைன்னா நாங்க இப்படியே வேன்ல ஏறிக்கறோம்.”

அப்பாரு நாற்காலியிலிருந்து எழுந்தார். அணைந்த அடுப்பை ஒருமுறை பார்த்தார்.

“இத்தன நாளு எங்கயோ கேட்டுட்டிருந்தமுங்க” என்றார். “அவளையே கேளுங்க.”

அந்த அம்மா தட்டத்தைக் காட்டுக்காரரின் கையில் கொடுத்துவிட்டு அத்தையின் எதிரில் வந்து நின்றார்.

“இத்தன கரி உழுந்தும் என்ற பையனத்தான் கட்டிக்கோணுமா உனக்கு?”

“ஆமாங்க.”

“அப்பப் போயி மூஞ்சியக் கழுவிட்டு வா சாமி. பூ வாடறதுக்குள்ள வெச்சுடலாம்.”

அத்தை கிணற்றடிக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். இரண்டு பேருக்கும் சேர்த்து ஐந்து வாளித் தண்ணீர் ஆனது. அப்படியும் அத்தையின் காதோரம் கொஞ்சம் கரி இருந்தது. நான் பார்த்தேன், சொல்லவில்லை.